'இதர' என்று எழுதிய வரி

எண்பது நாள், நான்கு நாடுகள், இரண்டு பேர். இதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கூட்டினேன். கடைசியில், பத்தாவது வரியாக, 'இதர' என்று மட்டும் எழுதி அதற்கு நேரே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போட்டேன். அது என்ன செலவு என்று என் மனைவியிடம் சொல்லவில்லை. போன இடத்தில் நாங்கள் செத்துப்போனால் உடலை ஊருக்குக் கொண்டுவர ஆகும் செலவு அது. ஆளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு மனதில் வைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. முன்பு மூட்டை தூக்கினேன். முதுகு போன பிறகு எடை போடும் இடத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் முதல் மூட்டையை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். அப்புறம் ரெண்டு, மூணு. மரக்காலால் அளந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கேட்கவே கூச்சப்பட்டுப் பசியோடு திரும்பியவன். ஆனால் எண்ணும்போது மட்டும் குரல் கணீரென்று வரும். எண்ணிக்கைக்கு யாரும் பதில் பேச மாட்டார்கள் என்பதால் இருக்கலாம்.

அந்த வேலையில் படிந்த இன்னொரு புத்தி, எதிலும் கழிவு போட்டுப் பார்ப்பது. நன்றாகக் காய்ந்த நெல் என்று சொல்லித்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஈரம் பார்க்கிற கருவி வேறு கதை சொல்லும். சாக்கு எடை, பதர், ஈரம் என்று கழித்துக் கழித்துத்தான் உண்மையான எடை தெரியும். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன். நல்ல செய்தி வந்தால் அதிலிருந்து என்ன கழியும் என்றுதான் முதலில் தோன்றும்.

என் மனைவி வேறு மாதிரி. நடவுக்கு ஆள் சேர்த்துப் போகிறவள். பதினெட்டுப் பெண்களைக் காலையில் ஐந்தரை மணிக்கு மினி லாரியில் ஏற்றி, எந்த ஊர் வயலாக இருந்தாலும் பத்து மணிக்குள் பாதி முடித்துவிடுவாள். அவள் சத்தம் கேட்டால் வயல்காரர்கள் டீயைச் சீக்கிரம் அனுப்புவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவள் வரப்பில் போகும்போது இடது பக்கம் காலை வைத்து வாய்க்காலில் விழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் விழுந்தாள். அதன் பிறகு வாசற்கதவில் இடது தோளை இடித்துக்கொண்டாள்.

தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார்கள். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து, ஓரத்தைப் பென்சிலால் கறுப்பாக்கிக் காட்டினார்.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறத முடிஞ்ச வரைக்கும் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒருநாள்கூட விடக் கூடாது."

"எவ்வளவு நாளைக்குங்க இருக்கும்?" என்று என் மனைவிதான் கேட்டாள். எனக்குக் கேட்கத் துணிவில்லை.

"சொல்ல முடியாது. சிலருக்குப் பத்து வருஷம். சிலருக்குச் சீக்கிரம்."

'சிலருக்குச் சீக்கிரம்' மட்டும்தான் என் காதில் நின்றது. அவள் வெளியே வந்து, "பத்து வருஷம்னு சொல்லிட்டாங்க, வாங்க டிபன் சாப்பிடுவோம்" என்றாள்.

அந்த ஆண்டுதான் புறவழிச் சாலைக்கு எங்கள் நிலத்தில் ஒன்றரை மா போயிற்று. அரை ஏக்கர். என் அப்பா பண்ணையாளாக இருந்து, பிறகு சிறுகச் சிறுக வாங்கிய நிலம். வந்த இழப்பீட்டில் மகளுக்கு ஒரு பங்கு கொடுத்து, வீட்டு ஓடுகளை மாற்றி, மீதி ஆறு லட்சம் பாங்கியில் கிடந்தது. அதை வைத்து மறுபடியும் நிலம் வாங்கலாம் என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எங்கோ வெளிநாட்டில், கவிழ்த்த கூடை மாதிரித் தொப்பி போட்ட பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க இது?"

"வியட்நாமாம். கைய பாருங்களேன், எப்படிப் போவுதுன்னு. இவளுங்கள நேர்ல பாக்கணும்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன, பாக்கறதுதான். நம்ம மாதிரி நெல்லு நடுற நாடெல்லாம் வரிசையா பாத்துட்டு வந்துடணும். கண்ணு இருக்கறப்பவே."

"காசு?"

"ரோட்டுக்குப் போன நெலத்துக் காசு. ரோட்டுலயே போயி செலவு பண்ணிடுவோம்."

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு அன்றைக்கே போன் போய்விட்டது. மகள் ஒரு வாரம் பார்த்துவிட்டு வழி சொன்னாள். முதலில் வியட்நாமின் வடக்குப் பக்கம். அங்கே மாசி மாதம் முடிவதற்குள் நடவு முடிந்துவிடும், அதனால் அதுதான் முதல். பிறகு கம்போடியா, தாய்லாந்து, கடைசியில் மலேசியா வழியாகத் திருச்சி. குறுவைக்குத் தண்ணீர் திறப்பதற்குள் திரும்பிவிடலாம். எண்பது நாள். தங்குவது கிராமத்து வீடுகளில், மலிவான அறைகளில்.

"செலவுக் கணக்க அப்பா போடட்டும்" என்றாள் மகள். "அப்பா போட்டா ஓட்டை இருக்காது."

அப்படித்தான் அந்த நோட்டு என் கைக்கு வந்தது.

டிக்கெட் விலை கேட்க நீடாமங்கலத்தில் ஒரு கடைக்குப் போனேன். விமான டிக்கெட், ஜெராக்ஸ் இரண்டும் போடுகிற கடை. மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண்.

"என்ன சார் வேணும், ஜெராக்ஸா?"

"ஆமாங்க" என்று ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கமே நின்றிருந்தேன். கேட் திறக்காமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. திறந்துவிட்டார்கள். கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"ஆதார்தான சார்? குடுங்க. இத்தன ஜெராக்ஸ வச்சி என்னதான் பண்றீங்க?"

அப்போதுதான் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். "யாரு போறாங்க?" என்று இரண்டு முறை கேட்டாள்.

விமானங்களுக்கும் நாடு விட்டு நாடு போகும் பஸ்களுக்கும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எண்பது இரவு அறைக்குத் தொண்ணூற்றாறாயிரம். சாப்பாட்டுக்கு எண்பதாயிரம். அது நாளுக்கு ஆயிரம். அதற்கே என் மனைவி சண்டை போட்டாள். "எல்லாம் அரிசி வெளையற ஊரு. கரண்டு குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துட்டுப் போனா இதுல பாதி போதும்" என்றாள். உள்ளூரில் சுற்ற அறுபதாயிரம். விசா, இன்சூரன்ஸ் முப்பத்தைந்தாயிரம். சொட்டு மருந்துக்கும் அவசர வைத்தியத்துக்கும் இருபத்தைந்தாயிரம். ஆக மொத்தம் நான்கு லட்சத்து முப்பத்தாறாயிரம். அங்கேயே கோடு போட்டு நிறுத்தியிருக்கலாம். கையில் ஆறு இருக்கிறது.

என்னால் நிறுத்த முடியவில்லை. மருந்து வரியை எழுதும்போதே பயம் தொடங்கிவிட்டது. அந்தச் சொட்டு மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கோ ஒரு பஸ் நடுவழியில் நின்று மருந்து கெட்டுப்போனால்? கெட்டுப்போனது தெரியாமலே போட்டுக்கொண்டிருந்தால்? பெயர்ப்பலகையைப் படிக்க முடியாத ஓர் ஊரில், இடது பக்கம் வருகிற வண்டி தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் வாய் திறந்து வழி கேட்கத் தெரியாத நான் நிற்பது போல ஒரு காட்சி மனதில் வந்துகொண்டே இருந்தது. எடைமேடையில் நிற்கும்போதும் வந்தது. ஒருநாள் நாற்பத்தேழுக்குப் பிறகு மறுபடியும் நாற்பத்தேழு என்றேன். இருபது வருடத்தில் நான் எண்ணிக்கை தவறியது அன்றைக்குத்தான்.

அதனால் நெல்லுக்குப் போடுகிற மாதிரி நூற்றுக்குப் பத்து கழிவு என்று ஏழாவது வரியில் நாற்பத்து நான்காயிரம் ஏற்றினேன். கொள்முதல் சமயத்தில் நான் ஊரில் இல்லாமல் போகிற கூலி நாற்பதாயிரம். எந்த நாட்டிலிருந்தும் பாதியில் ஓடிவர அவசர டிக்கெட் எண்பதாயிரம். கூட்டிப் பார்த்தால் சரியாக ஆறு லட்சம். கையில் இருப்பதும் ஆறு லட்சம். அப்போது ஒரு கணம் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது, அப்படியென்றால் போக வேண்டும்.

பேனாவை மூடவில்லை. 'இதர' என்று எழுதினேன்.

அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த வரி எழுதினால் பயணம் நின்றுபோகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதினேன்.

"எட்டு லட்சத்து நாப்பதாயிரம் வருது" என்றேன் மனைவியிடம். அவள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எட்டா? மவ ஆறுக்குள்ள முடிச்சிடலாம்னாளே?"

"அவ சின்னப் புள்ள. கழிவு எல்லாம் போடத் தெரியாது."

அவள் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. என் கணக்கை அவள் என்றைக்கும் திருப்பிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள்.

"சரி விடுங்க. வயலு எங்க இருந்தா என்ன, சேறு சேறுதான்."

அதற்குப் பிறகு அவள் போனில் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் தாளடி நடவு. ஒருநாள் மத்தியானம் அவளுடைய மருந்துப் புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டிலேயே நின்றேன். பெண்கள் நடவு நடுகிற வயலுக்குள் ஆண்கள் இறங்குவதில்லை; நாற்றுக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வரப்போடு சரி. எனக்கு அந்த வரப்பில் நிற்பதே கூச்சம்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் நட்டு வந்த பத்தியில் இடது ஓரம் முழுக்க வெறும் சேறாகக் கிடந்தது. ஒரு முழ அகலத்துக்கு நாற்றே இல்லை. அவளுக்கு இடது பக்கம் நட்டுக்கொண்டிருந்த பெண், தன் பத்தியை நட்டுக்கொண்டே கையை எட்டி அந்த வெறும் இடத்திலும் வைத்துக்கொண்டு போனாள். அவள் களைத்ததும் வேறொருத்தி அந்த இடத்துக்கு மாறினாள். யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. என் மனைவி நடுவில் நின்று, "சீக்கிரம் சீக்கிரம், மழ வருது பாரு, என்னாடி ஆடி அசஞ்சு நடுற?" என்று அதே பெண்ணைத்தான் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கை வலிக்குதுக்கா, ரெண்டு ஆளு நடவு நடுறேன்ல" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

மருந்தை ரோட்டில் நின்ற லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அந்தப் பத்தாவது வரியை அடித்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்தால், அது நடந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற இடத்திலேயே கை நின்றது. கடைசியில் ஒரு புத்தி தோன்றியது. அந்த வரியை எடுக்க வேண்டாம். தொகையைக் குறைத்தால் போதும். உண்மையில் எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவரிடம் கேட்டு, மற்ற வரிகளிலும் கொஞ்சம் கிள்ளினால் ஆறுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பக்கத்து ஊரில் வாழைப்பழக் கடை வைத்திருக்கும் ஒருவர், வெளிநாட்டில் வேலைக்குப் போய் இறந்த தன் தம்பியின் உடலைக் கொண்டுவந்தவர். நாலு நாள் அவர் கடையில் வாழைப்பழம் வாங்கினேன். ஐந்தாம் நாள்தான் கேட்டேன்.

"தம்பி... உங்க தம்பியக் கொண்டாந்தீங்கல்ல. அப்ப எவ்வளவு ஆச்சு?"

அவர் பழம் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தார். "ஏன்ணே, யாருக்கு?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, யார் யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன தாள் வேண்டும், பெட்டி எவ்வளவு, திருச்சியிலிருந்து வண்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுநடுவே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. எழுந்தபோது பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "இந்த நேரத்துல உங்ககிட்ட காசு வாங்குவனாண்ணே?" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைச் 'சும்மா' யாரும் கேட்பதில்லை. இது எனக்கும் தெரியும். என் பயத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே நடவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மனைவி ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னாடி இது, எதுக்கு அழுவுற? யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் என் மனைவி.

"அக்கா, மறைக்காதக்கா. வெளிநாட்டுல ஒங்க வூட்டு ஆளு யாரோ போயிட்டாங்களாமே. மாமா பொணத்தக் கொண்டார வழி கேட்டுட்டு அலையிறாராம். நம்ம பாப்பாவோட மாப்புளைக்கு ஒண்ணும் இல்லியே?"

மகளைக் கட்டிய மாப்பிள்ளை சென்னையை விட்டு எங்கும் போனதில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேருக்கு நடுவில் என்னால் ஒரு சொல் பேச முடியவில்லை. நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பித் திருப்பி வரி வரியாகப் படித்தாள்.

"இதர ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். இது என்னாங்க?"

"அதுதான்."

"எதுதான்?"

"அவங்க சொன்னதுதான். நமக்கு."

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்: "ரெண்டு பேருக்குமா போட்டிருக்கீங்க?"

தலையாட்டினேன்.

"ரெண்டு பேரும் செத்துட்டா யாருங்க கொண்டார்றது? கூலிக்கு ஆளு புடிச்சி அனுப்புவீங்களா?"

அழுதுகொண்டிருந்தவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "மாமா, எனக்கும் சேத்து ஒண்ணு போட்டு வைங்க, நானும் வர்றேன்" என்றாள் ஒருத்தி. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என் மனைவி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். வாங்கி வைத்திருந்த வாழைப்பழம் எல்லாம் அன்றைக்கே தீர்ந்தது.

அவர்கள் போனதும் அவள் சிரிப்பு நின்றது. நோட்டு மடியிலேயே இருந்தது.

"எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சீங்களா?" என்றாள். "காலைல எந்திரிச்சதும் மொதல்ல எதுத்த செவுத்துக் காலண்டரத்தான் பாக்குறேன். நேத்திக்கு எந்தத் தேதி வரைக்கும் தெரிஞ்சுது, இன்னிக்கு எது வரைக்கும் தெரியுதுன்னு. ஒரு ஓரமா ஒவ்வொரு கட்டமா போயிட்டே இருக்கு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வயல்ல எடது பக்கம் நான் நடுறதில்ல. அவளுங்க நட்டுட்டு வர்றாளுங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டுச் செய்யிறாளுங்க. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி சத்தம் போட்டுட்டு வர்றேன். நீங்களும் இந்த நோட்டுல அப்படித்தான் மறச்சு வச்சிருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு."

அவள் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"அப்பா" என்றாள். "அஞ்சாவது வரியில இன்சூரன்ஸ்னு எழுதியிருக்கீங்கல்ல? நீங்க பயப்படுற செலவும் அதுக்குள்ளயே இருக்குப்பா. பாலிசியில தனியா போட்டிருக்கான். நான் படிச்சிட்டுத்தான் ஒங்களுக்குத் தொகை சொன்னேன்."

"இன்சூரன்ஸ் ரெண்டு பேருக்கும் எவ்வளவுடி?" என்று கேட்டாள் என் மனைவி.

மகள் சொன்னாள்.

"அவ்வளவுதானா? நம்ம வெல இவ்வளவு சல்லிசா?"

"ஆனா பழைய நோய்க்குக் குடுக்க மாட்டான்மா. கண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம காசுதான்."

எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது, மறுபடியும் பயப்பட. ஆனால் அவள் பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். பத்தாவது வரியை அவள்தான் அடித்தாள். கோடு கொஞ்சம் வலது பக்கமாக ஏறிப் போயிற்று. கழிவையும், கூலியையும், அவசர டிக்கெட்டையும் அவள் தொடவில்லை.

"அது இருக்கட்டும். ஒங்க பயத்துக்கும் கொஞ்சம் எடம் வேணும்ல" என்றாள்.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் கிளம்பினோம். திருச்சி விமான நிலையத்தில் என் சட்டைக்குள் பாஸ்போர்ட் பை. தோளில் ஐஸ் வைத்த பிளாஸ்கில் சொட்டு மருந்து. வலது கையில் அவள் இடது கை. அந்தக் கையை நான் விடவே இல்லை. அதிகாரி முத்திரை குத்தும்போதுகூட விடாததால் அவர் ஏதோ சொன்னார். என்ன என்று புரியவில்லை.

வியட்நாமில் விமானத்தை விட்டு இறங்கியதும் பற்கள் தந்தியடித்தன. குளிர். தூறல் வேறு. பத்து வரி எழுதி, சாவு வரைக்கும் கணக்குப் போட்ட நான், ஒரு ஸ்வெட்டருக்குக் காசு ஒதுக்கவில்லை. நடவு நடக்கிற ஊர் என்றால் எங்கள் ஊர் மாதிரி வேர்க்கும் என்றுதான் இரண்டு பேருமே நினைத்திருந்தோம். குளிர் என்று ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. முதல் செலவே இரண்டு கம்பளிச் சட்டை, கழிவு வரியிலிருந்து. அந்த ஊர் பண நோட்டில் ஏகப்பட்ட பூஜ்யம். நோட்டு நோட்டாகக் கடைக்காரியின் மேஜையில் வைத்தேன். பயத்தில் வாய் தானாக "லாபம்" என்று ஆரம்பித்தது. கடைக்காரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாலாம் நாள் காலை, மகள் ஏற்பாடு செய்திருந்த கிராமத்து வீட்டுக்கு எதிரே இருந்த வயலில் ஆறு பெண்கள் இறங்கியிருந்தார்கள். போனில் பார்த்த அதே தொப்பி. என் மனைவி வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தாள். தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பி, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"நாத்து ரொம்ப எளசு. இவ்வளவு எளசா நாம நட மாட்டோம்" என்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏய், என்ன பண்ற?"

அதற்குள் இறங்கிவிட்டாள். குளிர்ந்த சேற்றில் கால் பட்டதும் "அம்மாடி" என்று கத்தினாள். அந்தப் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்து, ஒருத்தி நாற்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்தாள். அவள் குனிந்தாள். கை போகும் வேகத்தைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

ஆறு அடி பின்னால் நகர்ந்திருப்பாள். அவளுடைய இடது ஓரம் வெறும் சேறாக நீண்டுகொண்டு வந்தது. அந்தப் பெண்களுக்கு இது தெரியாது. ஊரில் நட்டுக்கொடுக்கிற பெண்கள் இங்கே இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது பார்த்துச் சுட்டிக்காட்டுவார்கள். அவள் முகத்தை அப்போது பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பாஸ்போர்ட் பையையும் பிளாஸ்கையும் வரப்பில், ஈரமில்லாத இடம் பார்த்து வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். என் வாழ்நாளில் நான் நடவு நட்டதில்லை. ஊரில் பார்த்தால் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். சேறு ஐஸ் மாதிரி இருந்தது. அவளுக்கு இடது பக்கம் போய்க் குனிந்து, ஒரு நாற்றை எடுத்து வைத்தேன். சாய்ந்தது. எடுத்து மறுபடியும் வைத்தேன்.

"யாரு?" என்றாள் அவள், நிமிராமல்.

"நான்தான்."

கொஞ்ச நேரம் அவள் கை நின்றது.

"ஆழமா வைக்காதீங்க. ரெண்டு வெரக்கட போதும்" என்றாள். பிறகு, "என்னங்க ஆடி அசஞ்சு நடுறீங்க? சீக்கிரம்" என்று சத்தம் போட்டாள்.

அடுத்த நாற்றை எடுத்தேன். ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு தடவை நிமிர்ந்து, வரப்பில் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.